புது லைசென்ஸ், பெரிய இன்ஜின்

ரோம் நகரத்தின் புறநகர்ப் பகுதி காசல் பலோக்கோ. 2023 ஜூன் 14 அன்று அங்கே ஒரு குட்டி ஸ்மார்ட் கார் மீது லம்போர்கினி உருஸ் ஒன்று மோதியது. சிறிய காரில் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். ஐந்து வயதுப் பையன் இறந்துபோனான். உருஸ் வாடகைக்கு எடுத்த வண்டி. ஐம்பது மணி நேரம் காரிலேயே வாழ்ந்து காட்டுவதாகச் சவால் வைத்து, யூடியூபுக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அதில் இருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவருக்கு வயது 20. அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 650 குதிரைத்திறன், இரண்டு டன்னுக்கு மேல் எடை.

இத்தாலி முழுக்க அன்று எழுந்த கேள்வி ஒன்றுதான்: இருபது வயதுக்காரருக்கு இப்படியொரு காரை ஓட்டச் சட்டம் எப்படி இடம் கொடுக்கிறது? இதில் வேடிக்கை என்னவென்றால், இதற்கென்றே சட்டம் வைத்திருந்த ஐரோப்பிய நாடு இத்தாலி. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் முதல் ஓராண்டுக்கு 70 கிலோவாட்டுக்கு மேல், அதாவது சுமார் 95 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள காரை ஓட்டக்கூடாது. அதோடு, வண்டி எடையில் ஒரு டன்னுக்கு 55 கிலோவாட் என்ற வரம்பையும் தாண்டக்கூடாது. 2007இலேயே ஏட்டில் ஏறிய யோசனை இது. பலமுறை தள்ளிப்போடப்பட்டு, திருத்தப்பட்டு, 2011 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த வேலி ஓராண்டோடு முடிந்துவிடும். அடுத்த நாள் காலை உருஸின் சாவியை வாங்கினாலும் யாரும் கேட்க முடியாது.

2024 டிசம்பர் 14 முதல் இத்தாலி விதியை மாற்றியது. ஓராண்டு மூன்றாண்டாக நீண்டது. கூடவே வரம்பும் தளர்ந்தது: 105 கிலோவாட், டன்னுக்கு 75. ஒரு கையால் இறுக்கி மறு கையால் அவிழ்த்ததுபோலத் தோன்றலாம். அதற்கு நியாயம் உண்டு. பழைய வரம்பில் வீட்டில் இருக்கும் ஒரே டீசல் காரைக்கூடப் பிள்ளை தொட முடியாத நிலை பல குடும்பங்களில் இருந்தது. பத்தாண்டு அனுபவமுள்ள, 65 வயதைத் தாண்டாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் விலக்கு உண்டு. போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் வண்டி எண்ணை அடித்தால், அந்த வண்டியைப் புதியவர் ஓட்டலாமா கூடாதா என்று பதில் வந்துவிடும். மீறிப் பிடிபட்டால் அபராதத்தோடு இரண்டு முதல் எட்டு மாதம் வரை லைசென்ஸ் முடக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியின் இந்த விதி யாரையும் கார் வாங்க வேண்டாம் என்று சொல்வதில்லை. பதினெட்டு வயதுக்காரர் பெயரில் ஃபெராரி நிற்கலாம், வாரம் ஒருமுறை துடைத்துப் பளபளப்பாக்கலாம். ஓட்டுவதற்குத்தான் தடை. சொத்துரிமையில் கை வைக்க அரசுகளுக்குத் தயக்கம். லைசென்ஸ் அரசு கொடுக்கும் சலுகை என்பதால் அதில் நிபந்தனை போடுவது எளிது.

இந்த வகைத் தடையை மற்ற நாடுகளைவிட நீண்ட காலம் சோதித்துப் பார்த்தது ஆஸ்திரேலியா. அங்கே பழகுநர் கட்டம் முடிந்ததும் ‘பி’ பிளேட் காலம்: முதலில் சிவப்பு, பிறகு பச்சை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2005 ஜூலையில் ‘பி’ பிளேட்காரர்களுக்கு எட்டு சிலிண்டர் கார்களையும் டர்போ, சூப்பர்சார்ஜர் வைத்த கார்களையும் தடை செய்தது. விக்டோரியாவும் குயின்ஸ்லாந்தும் 2007இல் அதே வழியில் வந்தன. அன்றைய ஆஸ்திரேலியச் சாலையில் இந்த விதி பொருந்தவே செய்தது. ஹோல்டன், ஃபோர்டு கம்பெனிகளின் உறுமும் வி8 கார்கள்தான் இளைஞர்களின் கனவு. சிலிண்டரை எண்ணினால் போதும், ஆபத்தான வண்டி எதுவென்று போலீஸ்காரருக்குத் தெரிந்துவிடும்.

பத்தாண்டு ஓடுவதற்குள் இன்ஜின் மாறிவிட்டது. பெட்ரோலை மிச்சப்படுத்த ஐரோப்பியக் கம்பெனிகள் சாதாரணக் குடும்பக் கார்களிலேயே 1.2, 1.4 லிட்டர் டர்போ இன்ஜின்களை வைக்க ஆரம்பித்தன. ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் உள்ள அந்தப் பாதுகாப்பான சின்னக் கார் புதியவருக்குத் தடை. டர்போ இல்லாமல் இருமடங்கு சக்தி தரும் பெரிய ஆறு சிலிண்டர் காருக்குப் பல நேரம் அனுமதி. விதிவிலக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. 2014இல் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் சிலிண்டர் கணக்கை விட்டுவிட்டு எடைக்கும் சக்திக்குமான விகிதத்துக்கு வந்தன: டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் கூடாது.

இத்தாலியில் அப்போது 55, ஆஸ்திரேலியாவில் 130. ஒன்றேகால் டன் கார் ஒன்றை எடுத்துக்கொண்டால், இத்தாலியப் புதியவருக்குச் சுமார் 69 கிலோவாட்டோடு வாசல் மூடிவிடும். மெல்பர்னில் இருக்கும் அவரது ஒன்றுவிட்ட சகோதரர் 160ஐத் தாண்டி ஓட்டலாம். இருவருக்கும் ஒரே வயது, ஒரே அனுபவம். எது ‘அதிக சக்தி’ என்பதற்கு அறிவியல் சொன்ன எண் எதுவும் இல்லை என்பதை இந்த இடைவெளியே காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் சந்தையில் விற்கும் கார்களைப் பார்த்துத் தனக்குத் தோன்றிய இடத்தில் கோடு கிழித்திருக்கிறது.

கோடு கிழித்தால் அதன் விளிம்பு வரை வந்து நிற்கும் வண்டியைக் கம்பெனிகள் செய்துவிடும் என்பதற்குப் பிரிட்டனின் பைக் வரலாறு சாட்சி. 1960களின் தொடக்கத்தில் பழகுநர்களுக்கு 250 சிசி வரம்பு வந்தது. அன்றைய 250 சிசி சாதுவான வண்டி. ஜப்பானியர்கள் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினைத் தீட்டித் தீட்டி, 1980இல் யமஹா ஆர்டி250எல்சி வந்தபோது, ‘எல்’ பிளேட் கட்டிய பதினேழு வயதுப் பையன் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடக்கூடிய பைக்கில் சட்டப்படி போகலாம் என்ற நிலை. சில ஆண்டுகளில் அரசு 125 சிசிக்கு இறக்கியது. இந்தமுறை சிசியோடு குதிரைத்திறனுக்கும் வரம்பு போட்டது.

இப்போது அதே ஓட்டப்பந்தயம் மின்சாரக் கார்களோடு. பெட்ரோல் இன்ஜின் சுழற்சி ஏறி ஏறித்தான் முழு இழுவையைத் தரும். மின் மோட்டார் நின்ற இடத்திலேயே தந்துவிடும். எம்ஜி4 எக்ஸ்பவர் என்ற ஹேட்ச்பேக் பார்வைக்குக் காய்கறி வாங்கப் போகும் கார். 320 கிலோவாட், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.8 வினாடி, தொண்ணூறுகளில் விற்ற ஃபெராரிகள் பலவற்றுக்கு இந்தப் பிக்கப் கிடையாது. ஆஸ்திரேலிய வரம்பில் இது மாட்டிக்கொள்ளும். ஆனால் எடை விகிதக் கணக்கில் ஒரு கோணல் இருக்கிறது. பேட்டரியால் எடை கூடக்கூட விகிதம் குறையும். அதாவது கனமான வண்டிக்குச் சட்டம் சலுகை காட்டுகிறது. மோதும்போது எதிரில் இருப்பவருக்கு அந்த எடைதான் எமன்.

ஐரோப்பாவில் இன்னொரு ஓட்டை. மின்சாரக் காரின் பதிவு ஆவணத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் உச்ச சக்தி அல்ல. அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. உச்சத்தைவிட அது வெகுவாகக் குறைந்திருக்கும். காகிதத்தில் சாதுவாகத் தெரியும் கார் சிக்னலில் பச்சை விழுந்ததும் வேறு அவதாரம் எடுக்கும்.

சரி, இத்தனை பாடுபட்டு வேலி போட்டதில் உயிர்கள் மிஞ்சினவா?

மோனாஷ் பல்கலைக்கழக விபத்து ஆய்வு மையத்தோடு தொடர்புடைய மைக்கேல் கீல், ஸ்டூவர்ட் நியூஸ்டெட் இருவரும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விபத்துப் பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் சொன்னது எந்தத் தரப்புக்கும் முழுத் திருப்தி தராது. அதிசக்திக் காரில் இருக்கும் இளைஞருக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனால் இளைஞர்களின் விபத்துகளில் அப்படிப்பட்ட கார்களின் பங்கு மிகச் சிறியது. எனவே எல்லோரும் தடையை அப்படியே மதித்தாலும் மொத்தக் கணக்கில் குறையப்போவது சொற்பம்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தது. 2008 முதல் 2012 வரை விபத்தில் இறந்த பதின்வயது ஓட்டுநர்கள் எந்தக் காரில் இருந்தார்கள்? வயது வந்தவர்களோடு ஒப்பிட்டால், சிறிய கார்களிலும் பழைய கார்களிலும் இறந்தவர்களே கூடுதல். பெற்றோர் பிள்ளைக்கு வாங்கித் தருவது வீட்டிலேயே மலிவான, தேய்ந்த, ஏர்பேக் குறைந்த வண்டி. ‘முதல் கார்தானே, இடித்தால் இடிக்கட்டும்’ என்ற கணக்கு. இடிபடுவது காரோடு நின்றுவிடுவதில்லை. இதே நிறுவனம் பதின்வயதினருக்காக வெளியிடும் பரிந்துரைப் பட்டியலில் குதிரைத்திறன் மிகுந்த கார்களுக்கும் இடமில்லை. மிகச் சிறிய கார்களுக்கும் இடமில்லை.

புதியவர்களை உண்மையில் கொல்வது எது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. லைசென்ஸ் கையில் வந்து தனியாக ஓட்டும் முதல் சில மாதங்கள், இரவு நேரம், வண்டி நிறைய நண்பர்கள். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2000இல் வந்த ஆய்வு ஒன்று, 16, 17 வயது ஓட்டுநர் இறக்கும் ஆபத்து உடன்வரும் ஆட்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறுவதைக் காட்டியது. பின்சீட்டில் மூன்று பேர் ‘மிதி, மிதி’ என்று கத்தினால் 70 கிலோவாட்டும் போதும் சாவதற்கு.

1987இல் நியூசிலாந்து தொடங்கிவைத்த படிநிலை லைசென்ஸ் முறை இதைத்தான் குறிவைத்தது. முதலில் பழகுநர், பிறகு இரவிலும் ஆள் ஏற்றுவதிலும் கட்டுப்பாடுள்ள லைசென்ஸ், கடைசியில் முழு லைசென்ஸ். கனடாவின் ஒன்டாரியோ 1994இல் இதை எடுத்துக்கொண்டது. அங்குள்ள ஸ்கார்பரோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளில் ‘ஜி1 எடுத்தாச்சா, ஜி2 எப்ப?’ என்று இந்தப் படிகளைக் கேட்பது பள்ளிப் பரீட்சைக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு. நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு ‘பி’ பிளேட்காரர் 90 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அவர் 25 வயதுக்குக் கீழ் இருந்தால் இரவு 11 முதல் காலை 5 வரை 21 வயதுக்குட்பட்ட ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம். ரத்தத்தில் ஒரு துளி மதுவும் கூடாது. ஹாங்காங் முதல் ஓராண்டுக்கு 70 கிலோமீட்டரில் நிறுத்துகிறது. மூன்று தடச் சாலையில் வேகத்தடத்துக்குப் போகவும் விடுவதில்லை. எந்தக் காராக இருந்தாலும் அப்படித்தான்.

இவற்றோடு ஒப்பிடும்போது குதிரைத்திறன் தடை படிநிலை முறையின் மிகச் சிறிய துண்டு. ஆனால் செய்தித்தாளுக்குப் பிடித்த துண்டும் அதுதான். லம்போர்கினிக்குப் படம் உண்டு. இரவு பதினொரு மணிக்குப் படம் இல்லை.

அரசு கோடு கிழிக்காத இடத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கிழிக்கிறது. பிரிட்டனில் பதினேழு வயதுக்காரர் எந்தக் காரையும் ஓட்டச் சட்டத்தில் தடையில்லை. அங்கே கார்கள் காப்பீட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மேல்பிரிவுக் காருக்கு ஒரு புதியவர் பிரீமியம் கேட்டால், பல கம்பெனிகள் தொகையே சொல்லாமல் கதவைச் சாத்திவிடும். மற்றவர்கள் காரின் விலையை நெருங்கும் தொகையைச் சொல்வார்கள். பிரேக் போடும் விதத்தையும் இரவில் ஓட்டும் நேரத்தையும் கண்காணிக்கும் கறுப்புப் பெட்டியை வைத்துக்கொண்டால் கொஞ்சம் குறைப்பார்கள். பிரான்ஸில் புதியவருக்கு முதலாண்டு நூறு சதவீதம் வரை கூடுதல் பிரீமியம் போடலாம். ஒழுங்காக ஓட்டினால் அது அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐம்பது, இருபத்தைந்து என்று பாதி பாதியாகக் குறையும். சந்தை போடும் இந்த வேலி சட்டத்தைவிடக் கூர்மையானது, ஆனால் பணக்காரரைத் தடுப்பதில்லை. அப்பா பெயரில் பாலிசி, ஓட்டுவது மகன் என்ற ஏமாற்று பிரிட்டனில் நன்றாகத் தெரிந்த ஒன்று. அங்கே அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. பிடிபட்டால் பாலிசி செல்லாது.

கார்களில் தடுமாறும் அரசுகள் பைக்குகளில் மட்டும் தெளிவாக இருப்பது வியப்பு. ஐரோப்பாவில் 2013 முதல் ஒரே ஏணி: 125 சிசி, 11 கிலோவாட் முதல் படி, 35 கிலோவாட் இரண்டாவது, அதற்கு மேல் கட்டற்ற மூன்றாம் படி. நேராக மேல்படிக்குப் போக விரும்பினால் பொதுவாக 24 வயது ஆக வேண்டும். சிங்கப்பூரில் 200 சிசிக்குள் ‘2பி’, 400 சிசிக்குள் ‘2ஏ’, அதற்கு மேல் ‘2’. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஓராண்டு இருந்தபிறகே அடுத்ததற்குப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படிப்பும் டெஸ்டும். இதைப் பற்றி அங்கே யாரும் உரிமைக் குரல் எழுப்புவதில்லை. பைக்கில் விழுந்தால் சாவது பெரும்பாலும் ஓட்டுபவர் என்பதால் எல்லோருக்கும் நியாயம் சட்டென்று புரிகிறது. கார் கொல்வது அடுத்தவரையும்தான் என்பது இன்னும் வலுவான நியாயம். அதற்கு ஏணி இல்லை.

அப்படியொரு ஏணியின் முதல் கம்பை நட்டிருப்பது தெற்கு ஆஸ்திரேலியா. 2019இல் அடிலெய்டில் சாலையோரம் நடந்துபோன 15 வயதுச் சிறுமி ஒருத்தி கட்டுப்பாடிழந்த லம்போர்கினி ஹுரகான் மோதி இறந்தாள். ஓட்டியவர் புது லைசென்ஸ்காரர் அல்லர். முப்பது வயதைத் தாண்டியவர். ஆபத்தாக ஓட்டி உயிரைப் பறித்தார் என்ற கடுமையான குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவனக்குறைவுக் குற்றத்துக்குக் கிடைத்த தண்டனையில் சிறைக்குப் போக நேரவில்லை. சிறுமியின் குடும்பம் விடாமல் போராடியது. விளைவாக 2024 டிசம்பர் 1 முதல் அந்த மாநிலத்தில், டன்னுக்கு 276 கிலோவாட்டோ அதற்கு மேலோ உள்ள காரை ஓட்ட ‘யு’ என்ற தனி வகை லைசென்ஸ் வேண்டும். இருபதாண்டு அனுபவம் இருந்தாலும் வேண்டும். இணையவழிப் பயிற்சி ஒன்றை முடித்தால் அது கிடைத்துவிடும் என்பதால் பெரிய கெடுபிடி இல்லை. ஆனால் சக்தி மிகுந்த காரை வயதோடு முடிச்சுப் போடாமல் தனித் தகுதியாகப் பார்த்ததில்தான் இதன் புதுமை. அத்தகைய காரில் சறுக்கலைத் தடுக்கும் கருவிகளை வேண்டுமென்றே அணைத்துவிட்டு ஓட்டுவதும் குற்றமாகியிருக்கிறது.

இந்தியாவில் இந்த விவாதம் ஒரே நாளில் வெடித்தது: 2024 மே 19. புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே டைகான் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்ததும் நாடே கொதித்தது. ரத்த மாதிரியை மாற்றிய புகாரில் மருத்துவர்கள் கைதானார்கள். 1,758 ரூபாய் கட்டணம் கட்டாததால் கோடிக்கணக்கில் விலையுள்ள அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவே ஆகவில்லை என்பதும் வெளியே வந்தது. ‘இளைஞர்களுக்கு இப்படிப்பட்ட காரைத் தடை செய்யுங்கள்’ என்ற குரல் இயல்பாகவே எழுந்தது. ஆனால் அந்தப் பையனிடம் லைசென்ஸே கிடையாது. இத்தாலியின் 75, ஆஸ்திரேலியாவின் 130 என எந்தக் கணக்கும் அவனைத் தடுத்திருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ அப்போதே இருந்தது: சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டு வண்டிப் பதிவு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. இதைவிடக் கடுமையாக எழுத முடியாது. சாவியைக் கொடுத்த கைக்கு அந்தப் பயம் இல்லாமல் போனதுதான் விஷயம்.

சட்டப்படி லைசென்ஸ் எடுத்தவரின் நிலையும் யோசிக்க வேண்டியதே. எல்.எல்.ஆர். போட்டு, எல் போர்டு மாட்டிய டிரைவிங் ஸ்கூல் மாருதியில் பழகி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் முன்னால் நாலு கியர் மாற்றிக் காட்டினால் எல்.எம்.வி. (இலகுரக மோட்டார் வாகன) லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு மறுநாளே 600 குதிரைத்திறன் காரை எடுக்கலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியபடி, 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம். இந்திய லைசென்ஸ் எடையைப் பார்க்கிறது, சக்தியைப் பார்ப்பதில்லை. பைக்கிலும் அதேதான். ஸ்ப்ளெண்டரில் எட்டு போட்டுக் காட்டியவருக்குக் கிடைக்கும் அதே கியர் பைக் லைசென்ஸில் 1,340 சிசி ஹயபுசாவும் அடக்கம். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபரின் லைசென்ஸைப் பத்தாண்டுக்கு ரத்து செய்தார்கள். விழுந்தபின் பறிக்கச் சட்டத்தில் வழி இருந்தது. ஏறுமுன் தனியாகச் சோதிக்க வழி இல்லை.

மத்திய அரசின் 2022 கணக்குப்படி சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். உயிரிழப்புகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகம் காரணமாகக் காட்டப்படுகிறது. போர்ஷேக்களுக்கு வரம்பு போட்டால் தலைப்புச் செய்தி கிடைக்கும். இந்த எண்கள் நகராது. இங்கே படிநிலை தொடங்க வேண்டுமானால் அது சிங்கப்பூர் மாதிரி பைக்கிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். கல்லூரியில் சேர்ந்த கையோடு 390 சிசி பைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ‘முதலில் ஒரு வருஷம் சின்ன வண்டி’ என்று பெற்றோர் சொல்லத்தான் செய்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டம் நிற்பதில்லை.

இத்தனைக்கும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இன்ஜின் அளவை வைத்த படி ஒன்றே ஒன்று இருக்கிறது. 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை 16 வயதிலேயே ஓட்டலாம் என்கிறது நான்காம் பிரிவு. மொபெட் காலத்தில் எழுதிய வரி அது. இன்று ஷோரூமில் 50 சிசி பெட்ரோல் வண்டி கிடைப்பதில்லை. டிவிஎஸ் எக்ஸ்எல்கூட நூறு சிசிக்கு வந்துவிட்டது. பதினாறு வயதுக்காரர்கள் டியூஷனுக்குப் போவது அம்மாவின் 110 சிசி ஸ்கூட்டரில்.